வலி அறியாப் பாதங்கள்

1884ஆம் ஆண்டு, டிசம்பர் மாதம். பசிபிக் பெருங்கடலில் ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த மொலோக்காய் தீவு. தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து விட்டிருந்த அத்தீவின் குடியிருப்பில், அருள்தந்தை தமியான் கால் கழுவுவதற்காகச் சுடவைத்த நீரில் பாதத்தை இறக்கினார். நீர் கொதிநிலையில் இருந்தது. தோல் வெந்து கொப்புளித்தது. அவரோ அதைக் கண்ணால் கண்ட பின்னரே அறிந்தார். பாதம் அவருக்கு எதையும் சொல்லவில்லை.

அத்தீவில் பதினோராண்டுகளுக்கு மேல் தொழுநோயாளரின் புண்களைக் கழுவிக் கட்டியவருக்கு, தம் கால் ஏன் மௌனம் காத்தது என்று பிறர் விளக்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவர்கள் பின்னர் அதை உறுதி செய்தனர். 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அந்நோயோடேயே அவர் இறைவனடி சேர்ந்தார். 2009ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

இந்நிகழ்ச்சியை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். தியாகத்தின் சான்றாகவே கேட்டிருக்கிறோம், அது தக்கதே. ஆயினும் அந்தக் கொதிநீருக்குள் வேறொரு வரலாறும் கிடக்கிறது. சுட்ட நீர் ஏன் சுடவில்லை? சுடாமற்போன அந்தக் கால் பின்னர் என்ன ஆகும்? இவ்விரண்டு வினாக்களுள் முதலாவதற்கு ஐரோப்பாவின் ஆய்வுக்கூடங்கள் சிறிது சிறிதாக விடை கண்டன. இரண்டாவதற்கு விடை பிறந்த இடம் நம் செங்கற்பட்டும் வேலூரும் ஆகும்.

தொழுநோய் உணர்வைப் பறிக்கும் என்பது புதுச் செய்தியன்று. நம் நாட்டின் பழைய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை, தோல் மரத்துப்போவதைக் குறிப்பிடுகிறது. வியப்பு என்னவெனில், விவிலியத்தில் லேவியர் நூலின் 13ஆம் அதிகாரம் இதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெண்படை, முடி நிறம் மாறுதல், தோலைவிடக் குழிந்த தடிப்பு என்று குருக்கள் ஆராய வேண்டிய அடையாளங்களை அவ்வளவு விரிவாக அடுக்கும் அந்த அதிகாரம், அவ்விடத்தில் உணர்வு உண்டா இல்லையா என்று கேட்கச் சொல்லவே இல்லை. அங்கே கூறப்பட்ட நோயும் இன்று நாம் தொழுநோய் என்பதும் ஒன்றல்ல என்று அறிஞர் பலர் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பால் எத்தனை எத்தனை மாந்தர் எத்தனை நூற்றாண்டுகள் ‘தீட்டுப்பட்டோர்’ ஆனார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

நோர்வே நாட்டின் பெர்கன் நகரில் 1847ஆம் ஆண்டில் டேனியல்சன், பேக் என்னும் இரு மருத்துவர் தொழுநோயை இரு வகையாகப் பிரித்து எழுதினர். ஒன்று முடிச்சு முடிச்சாகத் தடிப்பது. மற்றொன்று உணர்வை அழிப்பது. டேனியல்சனின் மருமகனான ஆன்சன், அதே நகரில் 1873ஆம் ஆண்டு பிப்ரவரியில் உருப்பெருக்கியின்கீழ் அந்நோயின் நுண்ணுயிரைக் கண்டார். அதே ஆண்டு மே மாதம் 10ஆம் நாள்தான் தமியான் மொலோக்காயில் கரையிறங்கினார். பரம்பரைச் சாபம் அன்று, கிருமியால் வருவது என்பது அன்றோடு தெளிந்தது. ஆனால் ஒரு தவறான எண்ணம் அதன்பின்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது. கிருமி சதையை அரிக்கிறது; அதனால் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பதே அது. மக்கள் மட்டுமல்லர், மருத்துவர்களும் அவ்வாறே நம்பினர்.

உணர்வைப் பற்றிய அறிவியல் இதற்கிடையே தனி வழியில் நடந்துகொண்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டில் தெகார்த்து வரைந்து காட்டிய மனிதன் நெருப்பருகே காலை நீட்டிக்கொண்டிருப்பான். கோவில் மணியின் கயிற்றைக் கீழே இழுத்தால் மேலே மணி அடிப்பதுபோல, காலின் சூடு நரம்பென்னும் கயிற்றின் வழியே மூளையில் மணி அடிக்கிறது என்பது அவர் விளக்கம். அவர் மறைவுக்குப்பின் 1664இல் அந்நூல் பிரெஞ்சு மொழியில் வெளியாயிற்று. 1822இல் மஜந்தி என்பவர், தண்டுவடத்தில் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு வேர்கள் பின்புறமும், தசையை இயக்கும் வேர்கள் முன்புறமும் இருப்பதைக் காட்டினார். 1850இல் எல்மோல்ட்சு தவளையின் நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளந்தார்: நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். எண்ணத்தைப்போல் கணத்தில் பாய்வது என்று எல்லாரும் நினைத்திருந்த ஒன்று, ஓடும் குதிரையைவிடச் சிறிது விரைவானது, அவ்வளவே!

மனிதனின் வலி இழைகளுள் மெல்லிய வகையினது வேகம் இதைவிடக் குறைவு. நொடிக்கு ஒரு மீட்டர் அளவே. கல்லில் கால்விரல் இடித்துக்கொண்டவர் எவருக்கும் இது தெரியும். முதலில் சுரீரென்று ஒரு வலி. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, உள்ளிருந்து கிளம்பும் கனத்த இரண்டாவது வலி. முதலாவது விரைவான இழைகளில் வந்தது; இரண்டாவது நடந்து வந்தது. மணி அடிக்குமுன்னரே கால் பின்வாங்கிவிடுவதும் உண்டு. தண்டுவடமே மூளையைக் கேளாமல் தசைக்குக் கட்டளை இட்டுவிடுகிறது. இந்த அனிச்சைச் செயலின் அமைப்பை செரிங்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் விரிவாக ஆராய்ந்தார். 1932இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இவ்வரிசையில் நமக்கு மிகவும் பிடித்தவர் செருமானியரான மாக்சு பான் பிரை. 1890களில் அவர் கையில் எடுத்த கருவி முடி. சிறு குச்சியின் முனையில் ஒரு முடியைப் பொருத்தி, அதன் நுனியைத் தோலில் வைத்து, வளையும்வரை அழுத்துவார். வளைந்தபின் எவ்வளவு அழுத்தினாலும் தோலின்மேல் படும் விசை கூடுவதில்லை. மெல்லிய முடிக்கு ஓர் அளவு, தடித்த முடிக்கு வேறோர் அளவு. அழுத்துபவரின் கை நடுங்கினாலும் முடி பொய் சொல்லாது. இவ்வாறு தோலைப் புள்ளி புள்ளியாக அளந்து, தொடுகைக்குரிய புள்ளிகள் வேறு, வலிக்குரியவை வேறு என்றார் அவர். காசில்லாக் கருவிதான்; ஆனால் இக்கட்டுரையின் இறுதியில் அம்முடியை மீண்டும் காண்போம்.

இனிச் செங்கற்பட்டுக்கு வருவோம்.

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்த, நம்மிலிருந்து பிரிந்த சபையொன்றின் மறைப்பணியாளர். மலைப்பிள்ளைகளோடு வெறுங்காலில் ஓடி, முள் தைத்து வளர்ந்தவர். இலண்டனில் அறுவை மருத்துவம் கற்று 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். அங்கே தோல்நோய் வல்லுநரான காக்ரேன் அவரைச் சுற்றிக் காட்டினார். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தோரின் கைகள் பிராண்டின் கண்ணில் பட்டன. மடங்கி இறுகிய விரல்கள். சில கைகளில் விரல்களே இல்லை. இக்கைகள் ஏன் இப்படி ஆயின என்று கேட்டார். காக்ரேனுக்கு விடை தெரியவில்லை. தாம் தோல் மருத்துவர், எலும்பும் தசையும் உங்கள் துறையல்லவா, நீங்களே கண்டுபிடியுங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். உலகில் இலட்சக்கணக்கானோரைப் பீடித்த நோய். அதில் முடங்கிய கைகளை ஆராய எலும்பு மருத்துவர் ஒருவரும் அதுவரை முன்வரவில்லை.

அங்கேயே ஒரு நோயாளியின் மடங்கிய கையில் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு, வலியால் கத்தும் அளவுக்கு இறுக்கம் கிடைத்தது. நகங்கள் சதையில் பதிந்தன. அந்த மனிதரோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அறியாமல் நின்றார். முழங்கையிலிருந்து கைக்கு வரும் தசைகள் வலுவோடு இருக்கின்றன. செயலிழந்தவை உள்ளங்கையின் சிறு தசைகளே என்பது அந்த நொடியில் அவருக்குப் புலப்பட்டது.

பின்னர் இறந்த நோயாளரின் உடல்களைப் பிரித்துப் பார்த்தபோது, நரம்புகள் எல்லா இடத்திலும் கெடவில்லை என்பது தெரிந்தது. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில், தோலுக்கு மிக அருகே வரும்போது மட்டும் தடித்து வீங்கியிருந்தன. தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியை விரும்புவது. உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்த ஓரங்களிலேயே அது தங்குகிறது. முழங்கையை எங்கேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை ‘ஷாக்’ அடிக்குமே, அந்த நரம்புதான் கையில் முதலில் அடிபடுவது. உணர்வையும் இயக்கத்தையும் ஒருங்கே சுமந்து செல்லும் நரம்பாதலால், கை மரத்தும் போகிறது, மடங்கியும் போகிறது.

1940களின் இறுதியில், வலுவுள்ள தசை ஒன்றன் நாணை எடுத்துத் திசைதிருப்பி விரல்களில் பிணைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பிராண்ட் வேலூரில் தொடங்கினார். தொழுநோயாளரின் சதை ‘கெட்ட சதை’, வெட்டினால் ஆறாது என்று பலர் எச்சரித்தனர். ஆறியது. எல்லாருடைய புண்ணையும்போலவே ஆறியது. பல்லாண்டுகள் மூடிக்கிடந்த கைகள் விரிந்தன; சோற்றைப் பிசைந்து உண்டன.

அங்கேதான் புதிய துன்பம் தொடங்கிற்று. சீராக்கிய கைகள் மீண்டும் புண்ணாகித் திரும்பி வந்தன. ஆறும் சதை எப்படி மறுபடியும் மறுபடியும் கெடுகிறது? பிராண்ட் ஒவ்வொரு காயத்தின் பிறப்பையும் துப்பறியத் தொடங்கினார். தணலில் விழுந்த கிழங்கை ஒருவர் வெறுங்கையால் எடுப்பதை அவரே கண்டார். துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்கமுடியாமல் அவர் திணறியபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். பிள்ளைக்கு இவ்வளவு பலமா என்று வியந்தவர் தரையில் இரத்தத்தைக் கண்டார். சாவி அவன் விரலை எலும்புவரை கிழித்திருந்தது. நாமாயின் வலி தாங்காமல் பாதியில் விட்டிருப்போம். நம்மைவிட அவனுக்குப் பலம் இல்லை. நம்மைத் தடுத்த ஒன்று அவனிடம் இல்லை.

எல்லாவற்றிலும் கொடியது இரவில் நடந்தது. காலையில் எழுந்தால் விரலின் ஒரு பகுதி காணாமற்போயிருந்தது. காரணம் புரியாமல் தவித்து, இரவு முழுதும் கண்விழித்துக் காவலிருந்தபோது உண்மை தெரிந்தது. எலிகள்! உறங்கும் மனிதனின் விரலை எலி கடித்தால் நாம் அலறி எழுவோம். அவர்கள் எழவில்லை. அன்றிலிருந்து இல்லம் திரும்பும் நோயாளிகளோடு ஒரு பூனையும் அனுப்பப்பட்டது. மருத்துவ வரலாற்றில் பூனையை மருந்தாக எழுதிக்கொடுத்த இடம் வேறுண்டோ அறியோம்.

ஆக, கிருமி விரலைத் தின்னவில்லை. கிருமி செய்தது ஒன்றே: காவலனைக் கொன்றது. காவலன் இல்லாத வீட்டில் தீயும் ஆணியும் எலியும் புகுந்தன. நம் தொல்காப்பியம் உயிர்களை அறிவின்படி ஆறாக வகுத்தபோது, உற்றறிவாகிய தொடுவுணர்வை முதற்படியில் வைத்து, அதைப் புல்லுக்கும் மரத்துக்கும் கூட உரியதாக்கியது. கண்ணும் செவியும் மிகப் பின்னரே வருகின்றன. ஐயறிவையும் ஆறறிவையும் வைத்துக்கொண்டு அந்த முதல் அறிவை மட்டும் இழந்த மனிதர்களைத்தான் ஊர் வெளியே நிறுத்தியிருந்தது.

கண்ணும் இதற்குத் தப்பவில்லை. கருவிழி உணர்விழந்தால் தூசு விழுந்தாலும் உறுத்தாது. உறுத்தாவிடில் இமை மூடாது. மூடாத கண் உலர்ந்து புண்ணாகிக் குருடாகும். நரம்பு கெட்டு இமைத்தசையே அசையாது போவதும் உண்டு. கண் மருத்துவரான மார்கரெட் பிராண்ட், பிராண்டின் துணைவியார், இதில் பெரும்பணி செய்தார். கன்னப்பொறியில் உள்ள, மெல்லும் தசையிலிருந்து ஒரு நாணை இமைக்குக் கொண்டுவந்து பிணைத்துவிட்டால், வாயை அசைத்து மெல்லும்போது கண் மூடும். இமைப்பதற்காக மெல்லக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். நாம் இதைப் படிக்கும் நேரத்திற்குள் எத்தனை முறை இமைத்திருப்போம்?

பிராண்டின் வாழ்வில் ஓர் இரவு உண்டு. நீண்ட பயணத்துக்குப்பின் இங்கிலாந்தில் தங்கிய விடுதியில் காலுறையைக் கழற்றியபோது, குதிகாலில் உணர்வு இல்லாததுபோல் தோன்றியது. ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை. இரவெல்லாம் உறங்காமல், மனைவி மக்களை விட்டுப் பிரிந்து வாழ வேண்டிய வாழ்க்கையை எண்ணிக் கிடந்தார். விடிந்தபின் மறுபடியும் குத்திப் பார்த்தார். வலி உடலெங்கும் பாய்ந்தது. தொடர்வண்டியில் நெடுநேரம் அசையாது அமர்ந்ததால் நரம்பு மரத்திருக்கிறது, அவ்வளவே. அன்று வலிக்காக இறைவனுக்கு நன்றி கூறியதாக அவர் எழுதியுள்ளார். மொலோக்காய்க் குருவுக்கு அத்தகைய விடியல் வாய்க்கவில்லை.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவர் முயன்று தோற்ற ஒன்று, அவர் வென்றவற்றைவிட நம்மைச் சிந்திக்கவைக்கிறது. இழந்த வலிக்குப் பதிலாகச் செயற்கை வலி ஒன்றைச் செய்துவிடலாம் என்று அவர் எண்ணினார். அழுத்தத்தை உணரும் சிறு கருவிகளைக் கையுறையில் பொருத்தினர். அளவு மீறினால் காதில் ஒலி எழும்பும். நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள், பொருட்படுத்தவில்லை. ஒளியை வைத்தனர், அதுவும் பயன்படவில்லை. இறுதியில், உணர்வுள்ள இடமான அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்தனர். அப்போதும் ஒரு நோயாளி திருகாணியை முடுக்கும்போது அதிர்ச்சி வந்ததும், கருவியை நிறுத்திவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடியும் இயக்கிக்கொண்டார்! பல ஆண்டு உழைப்புக்குப்பின் அம்முயற்சி கைவிடப்பட்டது. நம் கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்தும் விசை இருந்தால், நாம் ஒவ்வொருவரும் அதை நிறுத்தியே விடுவோம். வலியின் விசை நம் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வாறு எழுதுவதால் வலியைப் போற்றிப் பாடுகிறோம் என்று எவரும் கொள்ள வேண்டாம். புற்றுநோயில் துடிப்பவரிடம் போய் வலி இறைவனின் கொடை என்பது இரக்கமற்ற செயல். எச்சரிக்கை சொல்லி முடித்த பின்னும் ஓயாத மணி உண்டு. தெகார்த்தின் கயிறும் மணியும் போதாது, தண்டுவடத்தில் வலியைத் திறந்தும் அடைத்தும் விடும் வாயில் ஒன்று உண்டு என்று மெல்சாக், வால் இருவரும் 1965இல் கூறிய கருத்து, அவ்வலியைத் தணிக்கும் மருத்துவத்துக்குப் புது வழி காட்டியது.

வலியே இல்லாமல் பிறப்பவரும் உண்டு. பாகிஸ்தானின் வடபகுதியில், கையில் கத்தி குத்திக்காட்டியும் தணலில் நடந்தும் தெருவில் வித்தை செய்த சிறுவன் ஒருவனைப்பற்றி அறிஞர் கேள்வியுற்றனர். அவனை ஆராயும் முன்னரே, பதினான்கு வயது நிறையுமுன், வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவினரிடம் நடத்திய ஆய்வில், வலி நரம்புகளில் மின்செய்தியை எழுப்பும் ஒரு மரபணுவின் பழுதே காரணம் என்று 2006இல் தெரியவந்தது. மிளகாயின் காரமும் கொதிநீரின் சூடும் நரம்பில் ஒரே வாயிலைத் தட்டுகின்றன என்பதை டேவிட் ஜூலியசு 1997இல் கண்டிருந்தார். ஏறத்தாழ 43 பாகைச் செல்சியசைத் தாண்டும்போது திறக்கும் வாயில் அது. ‘எரிகிறது’ என்று காரத்துக்கும் நெருப்புக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்திய நம் முன்னோர் தவறு செய்யவில்லை. அழுத்தத்தை உணரும் வாயிலை ஆர்டெம் பட்டபூட்டியன் 2010இல் கண்டார். இருவரும் 2021ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தமியானின் பாதத்தில் அவ்வாயில்களைக் கொண்ட நரம்பு முனைகளே அழிந்துவிட்டிருந்தன.

இன்று தொழுநோய் மருந்தால் முற்றிலும் குணமாகக் கூடியது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. அழிந்த நரம்பை மருந்து மீட்டுத் தருவதில்லை. வேறொரு நோயும் இப்போது அதே வேலையை நம் வீடுகளிலேயே செய்கிறது. நெடுங்காலச் சர்க்கரை நோய் பாத நரம்புகளை மெல்ல மெல்ல ஊமையாக்குகிறது. வேலூரிலும் காரிகிரியிலும் கார்வில்லிலும் தொழுநோயாளரின் பாதங்களிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் இவர்களுக்குத்தான் இன்று பெரிதும் பயன்படுகிறது.

நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நேர்ச்சையாக வெறுங்காலில் நடந்து செல்பவர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. ஒரு முறை கொடியேற்றத்தன்று அன்னையின் ஆலயத்தை அடைந்து, திண்ணையில் அமர்ந்தபோது, அருகிலிருந்த சிறுமி, “தாத்தா, உங்க கால்ல ஆணி இருக்கு” என்றாள். எங்கே ஏறியது, எத்தனை கல் தொலைவு அதோடு நடந்தார், அவருக்குத் தெரியாது. “மாதா எனக்கு வலியே தெரியாம கொண்டுவந்து சேர்த்தா” என்று அவர் கண்ணீரோடு சொன்னதை நாமும் கேட்டோம். அன்று நாமும் வியந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு கால்விரல்களை எடுத்த பிறகே வியப்பு அடங்கியது.

மருத்துவமனையில் அவரைக் கண்களை மூடச்சொல்லி, செவிலியர் ஒரு சிறு கைப்பிடியின் முனையில் பொருத்திய நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, வளையும்வரை அழுத்தினார். பான் பிரையின் முடிதான், நைலானாக மாறியிருக்கிறது. பத்து கிராம் எடைக்கு ஈடான அழுத்தம். அதை உணர முடியாத பாதம் காயத்தையும் உணராது என்பது கணக்கு. “தொடும்போது சொல்லுங்க, ஐயா” என்றார் செவிலியர். பெரியவர் காத்திருந்தார். பெருவிரலின் அடியில், முன்பாதத்தில், மறு காலில் என்று இழை பலமுறை வளைந்து நிமிர்ந்தது. சற்றுப் பொறுத்து அவர் கேட்டார்: “இன்னும் ஆரம்பிக்கலியாம்மா?”

அடுத்த ஆண்டும் அவர் நடந்தார். பங்குத்தந்தை நேர்ச்சையில் ஒரு திருத்தம் செய்து கொடுத்திருந்தார். காலில் எம்.சி.ஆர். செருப்பு. ஒவ்வொரு தங்குமிடத்திலும், செபமாலை முடிந்ததும், அவர் மனைவி கை விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து, கணவரின் பாதங்களைத் தம் மடியில் தூக்கி வைத்து, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.